நிறத்துக்கு முன் பிரேக் கட்டையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் பழைய சரக்கு வேகன்களையும், அவற்றைச் சிறிய அளவில் செய்து ஓட்டுகிறவர்களையும் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழில் இந்த விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கம் கிடைப்பது அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் ஒரு படக்குறிப்பு, ஒரு மாடல் வேகனின் படம், நிறம் பற்றிய ஒரு பத்தி ஆகிய மூன்றும் திருத்தம் கேட்கின்றன. மூன்றும் ஒரே இடத்தில்தான் சறுக்கியிருக்கின்றன: வேகன் மேல் எழுதிய பெயரையும் பூசிய வண்ணத்தையும் முதலில் நம்பிவிட்டு, சக்கரமும் பிரேக்கும் பொருத்திய அடிச்சட்டத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

நிலக்கரி வேகன் படத்தின் கீழே ‘1935’ என்று போட்டிருக்கிறீர்கள். அதே படத்தில் பக்கப் பலகையின் இடது கீழ் மூலையில் கறுப்பாக ஒரு பட்டை அடித்து, அதில் வெள்ளையில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்க எண்ணும் எழுதியிருப்பது நன்றாகவே தெரிகிறது. அந்த எழுத்து ‘பிரைவேட்’ என்ற சொல்லின் முதலெழுத்து. 1948 ஜனவரி 1 அன்று ரயில்வே அரசுடைமையானது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வேகனும் எங்கிருந்து வந்தது என்று காட்ட எண்ணுக்கு முன் ஓர் எழுத்து சேர்ந்தது. அதுவரை இருந்த நான்கு பெரிய ரயில்வே கம்பெனிகளில் எல்எம்எஸ் வேகனுக்கு எம், எல்என்இஆர் வேகனுக்கு இ, கிரேட் வெஸ்டர்னுக்கு டபிள்யூ, சதர்னுக்கு எஸ். சுரங்கங்கள், கரி வியாபாரிகள் போன்ற தனியாரிடமிருந்து வந்தவற்றுக்கு ‘பிரைவேட்’டின் முதலெழுத்து. அரசு ரயில்வே புதிதாகக் கட்டியவற்றுக்கு ‘பிரிட்டிஷ்’ஷின் முதலெழுத்து. தமிழில் எழுதினால் கடைசி இரண்டும் ‘பி’ ஆகிவிடும். குழப்பம் அங்கேயே தொடங்கியிருக்கலாம். எப்படியும் அந்தப் படம் 1935-இல் எடுத்ததாக இருக்க வழியில்லை.

பலகைகளும் அதையே சொல்கின்றன. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் தனியார் வேகன்களை அரசு எடுத்துக்கொண்டு, எந்தச் சுரங்கத்துக்கும் எந்த வேகனும் போகலாம் என்று பொதுவில் விட்டது. அதன் பிறகு பெயரைப் புதுப்பித்து எழுத யாருக்கும் தேவை இருக்கவில்லை. பலகை உடைந்தால் வண்ணமே பூசாத வேறு பலகையை அடித்தார்கள். அந்த வியாபாரியின் பெயரில் ஒரு துண்டு அதோடு போயிற்று. உங்கள் படத்தில் பெயரின் நடுவே ஓடும் வெளிறிய கோடு அப்படி மாற்றிய பலகைதான். போர்க்காலத்தில் 12 டன் வேகன்களில் 13 டன் ஏற்ற அனுமதித்தார்கள். ஆகவே ‘13’ என்ற எண் கண்ணில் பட்டால் அதையும் காலக்கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. 1950-களின் ரயில் நிலையத்தை மாடலாகச் செய்கிறவர்கள், அரசு ரயில்வே எஞ்சினுக்குப் பின்னால் பத்து விதமான பளபளக்கும் பெயர்களோடு மர வேகன்களைக் கோத்துவிடுகிறார்கள். கடையில் அப்படித்தான் விற்கிறார்கள், கண்ணுக்கும் அழகு. ஆனால் அந்த ஆண்டுகளில் ஓடிய மர வேகன்கள் மங்கிய எழுத்தும், ஒட்டுப்போட்ட பலகையும், மூலையில் கறுப்புப் பட்டையுமாகத்தான் இருந்தன. பக்கத்திலேயே 16 டன் எஃகு வேகன்கள் பெருகிக்கொண்டிருந்தன. அரசு ரயில்வேயின் 1/108 என்ற டயகிராமின் (வேகன் வகையைக் குறிக்கும் அலுவலகக் கோட்டுப்படம்) கீழ் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டினார்கள். பளபளப்பான பெயர்கள் வேண்டுமென்றால் காலத்தை 1939 கோடைக்கு முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து நிறம். ‘பழைய புகைப்படங்களில் இந்தச் சுரங்கத்தின் வேகன்கள் எல்லாம் கறுப்பாகவே இருக்கின்றன, ஆகவே கறுப்புதான் அதன் நிறம்’ என்று கட்டுரை சொல்கிறது. அக்கால ஆர்த்தோகுரோமாட்டிக் கண்ணாடித் தகடுகள் சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்பு வேகன் அதில் கிட்டத்தட்டக் கறுப்பாகவே விழும், நீலம் வெளுத்துப்போகும், மஞ்சளும் எதிர்பார்ப்பதைவிட இருண்டு வரும். ஆகவே அந்தக் ‘கறுப்பு’ வேகன் சிவப்பாகவோ செம்பழுப்பாகவோ இருந்திருக்கலாம். ஒரு சோதனை இருக்கிறது. கீழே உள்ள இரும்புப் பாகங்களுக்குப் பெரும்பாலும் கறுப்புத்தான் பூசுவார்கள். படத்தில் உடலும் இரும்பும் ஒரே கருமையா, அல்லது உடல் இம்மியளவு வெளிறியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிறியிருந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொரு தந்திரமும் அக்காலத்தில் இருந்தது: தொழிற்சாலைப் படத்துக்காகவே, விவரங்கள் துல்லியமாக விழும்படி வண்டியைச் சாம்பலும் வெள்ளையுமாகப் பூசிப் படமெடுப்பார்கள். அந்த நிறத்தோடு அது தடத்துக்குப் போகவே இல்லை. நிறத்துக்கு நம்பகமான சாட்சி, வேகன் கட்டியவர்களின் ஆர்டர் புத்தகங்களில் எழுத்தில் இருக்கும் குறிப்புதான்.

இப்போது அந்த மாடலின் படம். சிவப்பு உடல், வெள்ளை எழுத்து, அதற்குக் கறுப்பு நிழல்: பூச்சு வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பிரேக் நெம்புகோல் இடது கைப்பக்கம் இருக்கிறது. பிரிட்டிஷ் வேகன் மாடல்களில் மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான்.

முன்னொரு காலத்தில் பல வேகன்களுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் பிரேக் நெம்புகோல் இருந்தது. மறுபக்கம் நிற்கும் ஷண்டிங் ஆள் (வேகன்களைப் பிரித்துக் கோக்கும் ஊழியர்) அதைப் பிடிக்க வேண்டுமென்றால் வேகன்களுக்கு இடையிலோ அடியிலோ புகுந்து வர வேண்டும். அப்படிப் புகுந்து செத்தவர்களும் ஊனமானவர்களும் ஏராளம். 1900-இல் வந்த ரயில்வே ஊழியர் விபத்துத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1911-இல் விதி போட்டார்கள்: எந்தப் பக்கம் நின்றாலும் பிரேக் போட முடிய வேண்டும். பழைய வண்டிகளை மாற்றப் பல ஆண்டு அவகாசம் கிடைத்தது. அதோடு வந்த வழக்கம், வேகனை நேரே பார்த்து நின்றால் நெம்புகோலின் பிடி வலது கைப்பக்கம் இருக்க வேண்டும் என்பது. இரவில், ஓடும் வேகனோடு கூடவே ஓடிக்கொண்டு, அதை அழுத்தும் தடியைக் கையில் பிடித்தபடி நெம்புகோலைத் தேடுகிறவனுக்கு அது எப்போதும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும்.

இதன் விளைவை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். நடுவில் பிரேக்கின் அச்சு (சக்கர அச்சு அல்ல), நெம்புகோல் வலப்பக்கம். அதைக் கீழே அழுத்தினால் அச்சு கடிகார முள் போகும் திசையில் திரும்பும். அச்சில் மேலும் கீழுமாக இரண்டு முளைகள். அவற்றிலிருந்து இரண்டு சக்கரங்களுக்கும் தள்ளுகம்பி போகிறது. மேல் முளை வலப்பக்கம் நகரும், கீழ் முளை இடப்பக்கம் நகரும். ஆகவே வலது சக்கரத்துக்குப் போகும் கம்பி மேல் முளையிலும், இடது சக்கரத்துக்குப் போவது கீழ் முளையிலும் மாட்டியிருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் நெம்புகோலை அழுத்த அழுத்தப் பிரேக் கட்டை சக்கரத்தை விட்டு விலகும். பிளாஸ்டிக்கில் யாரும் பிரேக் போடப் போவதில்லைதான். ஆனால் விஷயம் தெரிந்தவர் கண்ணில் அது இடது காலில் வலது செருப்பு.

சரி, மறுபக்கம்? அங்கும் நெம்புகோல் வலப்பக்கம். இரண்டு நெம்புகோலும் ஒரே குறுக்குத் தண்டில் இருந்தால், ஒன்று ஒரு திசையிலும் மற்றது எதிர்த் திசையிலும் திருப்பும். இதற்கு இரண்டு தீர்வுகள் கண்டார்கள். முதலாவது, தண்டே இல்லாமல் பக்கத்துக்கு ஒரு நெம்புகோல், இரண்டு கட்டைகள் என்று தனித்தனியாக வைப்பது. நிலக்கரி வேகனில் அடிக்கதவு இருந்தால் இதுதான் வழி. நடுவே குறுக்குத் தண்டு போனால் கதவு திறக்க இடம் இருக்காது. இரண்டாவது, மார்ட்டன் பிரேக். பெரும்பாலும் கட்டைகள் இரண்டும் ஒரே பக்கம். கட்டையில்லாத பக்கத்து நெம்புகோலில் ஒரு கிளட்ச், அது திசையைத் திருப்பிவிடும். ஆகவே அப்படிப்பட்ட மார்ட்டன் வேகன் ஒன்றை மாடலாகச் செய்யும்போது ஒரு பக்கம் கட்டையும் கம்பியும் இருக்கும். மறுபக்கம் நெம்புகோலும் கிளட்ச்சும் மட்டும் தெரியும். கிட்டில், அதாவது நாமே ஒட்டிச் சேர்க்கும் பாகங்களின் பெட்டியில், நான்கு கட்டைகள் வந்திருக்கின்றன என்பதற்காக நான்கையும் ஒட்டிவிடுகிறார்கள். எது சரி என்று கிட் பெட்டி சொல்லாது, குறிப்பிட்ட வேகனின் புகைப்படம்தான் சொல்லும்; அதுவும் ஒரு பக்கப் படம் போதாது.

நீளத்தையும் ஒரு முறை அளந்துவிடுவது நல்லது. ரயில்வே கம்பெனிகளின் பொது அமைப்பான ரயில்வே கிளியரிங் ஹவுஸ் 1887, 1907, 1923 ஆகிய ஆண்டுகளில் தனியார் வேகன்களுக்கான கட்டுமான விதிகளை வெளியிட்டது. 1923 விதிப்படி கட்டிய 12 டன் வேகன், பஃபரை (முனையில் மோதலைத் தாங்கும் பாகம்) விட்டுவிட்டு முனைச் சட்டத்திலிருந்து முனைச் சட்டம் வரை 16 அடி 6 அங்குலம். இரண்டு சக்கர அச்சுகளுக்கு இடையே 9 அடி. பிரிட்டனில் பெரும்பாலோர் பின்பற்றும் ஓஓ அளவில் ஓர் அடிக்கு 4 மி.மீ. ஆகவே உடல் 66 மி.மீ., அச்சிடைத் தூரம் 36 மி.மீ. ஸ்கேலை வைத்தால் 40 மி.மீ. வருகிறதா? அப்படியானால் 10 அடி அச்சிடைத் தூரமுள்ள வேறு வண்டியின் அடிச்சட்டத்தின் மேல் நிலக்கரி வேகனின் உடலை நீட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். பழைய, விலை மலிவான மாடல்களில் இது சகஜம்; ஒரே அடிச்சட்ட வார்ப்பை வைத்துக்கொண்டு இருபது வகை வேகன் விற்றார்கள். அதற்கு எத்தனை அருமையாக வண்ணம் பூசினாலும் வீண் உழைப்பு.

இதே அளவில் இன்னொரு முரண் பிறவியிலேயே இருக்கிறது. 4 அடி 8½ அங்குலத் தடம் 18.83 மி.மீ. ஆக வேண்டும், ஓஓ தடமோ 16.5 மி.மீ. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவில் சிறியவை. அவற்றின் கூட்டுக்குள் அன்றைய மோட்டார் அடங்குவதற்காக உடலை மட்டும் பெரிதாக்கிவிட்டுத் தண்டவாளத்தை அப்படியே விட்டார்கள். இதனால் பக்கத்துக்கு ஒரு மி.மீ.க்குச் சற்று அதிகமாகச் சக்கரம் உள்ளே தள்ளி நிற்கிறது. கிட்டில் வரும் பிரேக் கட்டையைச் சரியான அளவுப்படி ஒட்டினால் அது சக்கரத்துக்கு வெளியே அந்தரத்தில் தொங்கும். கட்டையைச் சக்கரத்தின் நேருக்கு உள்ளே தள்ளி ஒட்டுவதே நல்லது. நெம்புகோல் மட்டும் வெளியே அதன் இடத்தில் இருக்கட்டும். இது பிடிக்காதவர்கள்தான் 18.2 மி.மீ. இஎம் தடத்துக்கும் 18.83 மி.மீ. பி4 தடத்துக்கும் போனார்கள்.

அடிச்சட்டத்தில் இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்கச் சொல்வேன். நீளச் சட்டம் மரமா எஃகா? மரம் என்றால் தட்டையான முகத்தில் போல்ட் தலைகள் தெரியும்; எஃகு என்றால் மேலும் கீழும் விளிம்பு நீட்டிக்கொண்டு நடுவில் நிழல் விழும். அடுத்தது ஆக்சில் பாக்ஸ், சக்கர அச்சின் முனையைத் தாங்கும் பெட்டி. கிரீஸ் பெட்டிக்கு மேலே மூடி. எண்ணெய்ப் பெட்டி மூடியில்லாமல் இரு பாதிகளாகப் பிளந்து போல்ட் போட்டிருக்கும். 1923 விதி எண்ணெய்ப் பெட்டி கேட்டது. எடை எழுதும் விதமும் நம் வாசகர்களைத் தடுமாறச் செய்யலாம். ‘6-17-2’ என்றிருந்தால் 6 டன், 17 ஹண்ட்ரட்வெயிட், 2 குவார்ட்டர். நடுவில் இருப்பது இலங்கைத் தமிழர் அறிந்த அந்தர்தான், 112 பவுண்டு. கூட்டினால் ஏறத்தாழ 6,985 கிலோ வெற்று எடை.

ஆதாரம் தேடுவோர் டயகிராம், வரைபடம் என்ற இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. டயகிராம் என்பது அலுவலகத்தில் வேகன் வகைகளை அடையாளம் காண வைத்திருந்த சிறு கோட்டுப்படம். முக்கிய அளவுகள் தவிர அதில் அதிகம் இருக்காது. தொழிற்சாலை வரைபடம் என்ன செய்ய நினைத்தார்கள் என்பதைக் காட்டும். தேதியுள்ள புகைப்படம் என்ன செய்தார்கள் என்பதைக் காட்டும். யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்திலும், லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், 1950-இல் தொடங்கிய ஹிஸ்டாரிகல் மாடல் ரயில்வே சொசைட்டியிலும் தேடலாம். குளோஸ்டர் வேகன் தொழிற்சாலையின் பதிவுகள் குளோஸ்டர்ஷயர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கேட்கும்போது ‘நிலக்கரி வேகன் படம்’ என்று கேட்டால் மலைபோல் குவியும். கட்டியவர், ஆண்டு, பதிவுத் தகட்டு எண் மூன்றில் குறைந்தது இரண்டு கையில் இருக்க வேண்டும். ரயில்வே நிறுவனங்களின் சொந்த வேகன் என்றால் தந்தியில் சுருக்கமாகச் சொல்ல வைத்த தந்திப் பெயர் உதவும். கிரேட் வெஸ்டர்னில் மூடிய வேன் ‘மிங்க்’, கார்டின் பிரேக் வேன் ‘டோட்’, அதாவது தேரை. அரசு ரயில்வேயின் தடப் பராமரிப்பு வண்டிகளோ கடலுக்கே போய்விட்டன: ‘டாக்ஃபிஷ்’, ‘ஷார்க்’, ‘ஸ்டர்ஜன்’. அருங்காட்சியகத்தில் நிற்கும் வேகனை அளந்து வருவது நல்ல வழிதான். ஆனால் பாதுகாக்கப்பட்ட பல வேகன்களில் பலகை, சக்கரம், ஆக்சில் பாக்ஸ் எல்லாம் பின்னாளில் மாறியவை. நான்கு ஆக்சில் பாக்ஸும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று முதலில் சுற்றி வந்து பாருங்கள்.

கிட் கட்டுவது பற்றிக் கட்டுரை ‘ஒட்டினால் போதும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. உடலைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். மேசை சமமாக இருக்கும் என்று நம்பக் கூடாது. ஒரு நீளச் சட்டத்தை ஒட்டிக் காயவிட்டு, சக்கரங்களைப் பித்தளைத் தாங்கிகளில் பொருத்திய பிறகு மற்றதை ஒட்டி, கரைப்பான் (பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் திரவம்) இறுகுவதற்குள் நான்கு சக்கரமும் கண்ணாடியைத் தொடும்படி அழுத்திச் சரிசெய்ய வேண்டும். ஒரு சக்கரம் தாள் கனத்துக்குத் தூக்கியிருந்தாலும் தடம் பிரியும் முதல் பாயின்ட்டிலேயே தடம் புரளும். சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே ஓஓவில் 14.5 மி.மீ. இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பஃபரின் மையம் தண்டவாளத்திலிருந்து சுமார் 14 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும்.

எடை அச்சுக்கு 25 கிராம் என்பது பரவலான கணக்கு. நான்கு சக்கர வேகனுக்கு 50 கிராம். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. மூடிய வேனுக்குள் ஈயக் குண்டுகளைப் போட்டு, மர வேலைக்கான வெள்ளைப் பசையை ஊற்றி மூடிவிடுகிறார்கள். அந்தப் பசையிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை மெல்ல அரித்து வெள்ளைத் தூளாக்கும்; தூள் ஈயத்தைவிட அதிக இடம் கேட்கும். சில ஆண்டுகளில் வேனின் பக்கங்கள் புடைத்து, மூலையில் பிளந்துகொள்ளும். ஈயத்தை எபாக்சியால் ஒட்டுங்கள், அல்லது எஃகுத் துண்டு வையுங்கள். மூடிய வேனின் தரையில் ஒரு சிறு துளை போட மறக்க வேண்டாம். உள்ளே சிக்கிய கரைப்பான் ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் சுவர்கள் மாதக்கணக்கில் இளகி உள்ளே வளையும். குறுக்கே இரண்டு பிளாஸ்டிக் பட்டைகள் கொடுத்தால் இன்னும் பாதுகாப்பு.

திறந்த வேகனின் உட்புறத்துக்கு வெளிப்புற வண்ணத்தையே பூசுவதும் தவறு. உள்ளே வெறும் மரம்தான். அது புதுப் பலகையின் மஞ்சள் நிறத்தில் இருக்காது. வெயிலும் மழையும் பட்டுச் சாம்பலாகி, கரி உரசிய இடங்களில் கறுத்திருக்கும். எழுத்துகளுக்கான டிரான்ஸ்ஃபரை (அச்சடித்த ஒட்டுப்படம்) மங்கல் வண்ணத்தின் மேல் நேராக ஒட்டினால் ஓரங்களில் வெள்ளி பூத்ததுபோல் மினுங்கும். முதலில் பளபளப்பான வார்னிஷ், அதன் மேல் டிரான்ஸ்ஃபர், அது காய்ந்ததும் பலகை இடுக்குகளில் புதிய பிளேடால் கீறிப் படியவைத்து, கடைசியில் மங்கல் வார்னிஷ்.

உங்கள் படத்திலிருக்கும் மாடலை உடைத்துப் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. நெம்புகோலையும் அதன் பிடிப்பானையும் பிளேடால் சீவி எடுத்து, வலப்பக்கம் ஒட்டி, இரு தள்ளுகம்பிகளையும் முளை மாற்றிவிட்டால் ஒரு மாலை நேர வேலை. அந்தப் பழைய புகைப்படத்துக்கு இப்போதைக்கு ‘1948 அல்லது அதற்குப் பின்’ என்று திருத்தம் வெளியிடலாம். அசல் பிரதி அலுவலகத்தில் இருந்தால் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கவும். செய்திப் படங்களின் முதுகில் தேதி முத்திரை குத்தியிருப்பது வழக்கம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்